இடையிசையையும் சேர்த்துப் பாடுகிறவர்கள்

பிள்ளைகள் பாடுவதைக் கேட்க வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் நைசாக நழுவிவிடுகிற ஆள் நான். பள்ளி ஆண்டு விழா, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழா, தொலைக்காட்சியில் சிறுவர் பாட்டுப் போட்டி, எதுவாக இருந்தாலும் சரி. பாடுகிற பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்கிற பெரியவர்களின் முகத்தில் ஒரு குழைவு வருமே, அதைத்தான் தாங்க முடிவதில்லை. பிள்ளை எதைப் பாடினாலும், எப்படிப் பாடினாலும் அதே குழைவு. வாயைத் திறப்பதற்கு முன்பே கைதட்டல் தயாராக இருக்கும். இப்படிப்பட்ட எனக்கு, கனடாவில் ஐம்பது வருடம் முன்பு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடிப் பதிவான இசைத்தட்டு ஒன்று ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று ரொம்ப நாளாகவே புரியவில்லை. ஒருமுறை காரில் அதைப் போட்டபோது பக்கத்தில் இருந்த அத்தான் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்ன மாப்ள இது, சுருதியே சேரலையே. இதையா திரும்பத் திரும்பக் கேக்கற?" என்றார். சுருதி சேரவில்லைதான். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இசைத்தட்டின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வான்கூவரை ஒட்டிய லாங்லி வட்டாரத்தில் ஹான்ஸ் ஃபெங்கர் என்று ஒரு பாட்டு வாத்தியார். அதற்கு முன்பு ராக் குழுக்களில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர். வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது, மாதச் சம்பளம் வேண்டும் என்றுதான் ஆசிரியர் வேலைக்கு வந்தார். பிள்ளைகளுக்கு என்ன பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தனக்குப் பிடித்த, பிள்ளைகளுக்கும் பிடித்த ரேடியோ பாட்டுகளையே சொல்லிக்கொடுத்தார். பீச் பாய்ஸ், டேவிட் போவி, பால் மெக்கார்ட்னி, ஈகிள்ஸ். 1976லும் 1977லும் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டி, இரண்டே டிராக்கில், அதாவது இரண்டே ஒலித்தடத்தில், பதிவு செய்தார். அதைக் கொஞ்சப் பிரதிகள் அச்சடித்துப் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அதோடு கதை முடிந்திருக்க வேண்டியது. 2000ஆம் ஆண்டு வாக்கில் பழைய பொருள் கடையொன்றில் ஒரு சேகரிப்பாளர் கையில் அந்தத் தட்டு சிக்கியது. அது இர்வின் சூசிட் என்ற அமெரிக்க வானொலிக்காரரிடம் போய், 2001இல் 'இன்னசென்ஸ் அண்ட் டிஸ்பேர்' (களங்கமின்மையும் விரக்தியும்) என்ற பெயரில் குறுந்தகடாக வந்து உலகம் முழுக்கப் போனது. அந்தப் பெயரை வைத்தது பெரியவர்கள்தான்.

அத்தான் கேட்ட சுருதி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பதிவைக் கவனித்துக் கேட்டால், சுருதி விலகுவது எல்லா இடத்திலும் இல்லை. கீழே கிண்கிணி என்று மெட்டலோஃபோனும் சைலோஃபோனும் ஒலிக்கின்றன. உலோகக் கட்டைகளையும் மரக் கட்டைகளையும் வரிசையாக அடுக்கிக் குச்சியால் தட்டுகிற கருவிகள். அவை அசைவதே இல்லை. கார்ல் ஓர்ஃப் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரும் கூனில்ட் கேட்மன் என்ற ஆசிரியையும் குழந்தைகளுக்காக உருவாக்கிய முறையில் பயன்படுகிற கருவிகள் இவை. இவற்றின் சூட்சுமம் ரொம்பச் சாதாரணமானது. ஒவ்வொரு கட்டையையும் கையால் தூக்கி எடுத்துவிடலாம். மத்திமத்துக்கும் நிஷாதத்துக்கும் உரிய கட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டால் மிஞ்சுவது ஸ ரி க ப த, அதாவது நம்ம மோகன ராகம். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை எந்தக் கட்டையைத் தட்டினாலும் காது கூசாது. தப்பு நடக்கவே வழியில்லாமல் கருவியைச் செய்து வைத்துவிட்டு, இனி உன் பாடு என்று பிள்ளையிடம் விட்டுவிடுகிற வித்தை. குரலுக்கு அப்படிக் கழற்றி வைக்கக் கட்டை கிடையாது. ஆகவே லாங்லி பதிவில் கீழே உலோகம் ஒரே இடத்தில் உறுதியாக நிற்கிறது. மேலே அறுபது பிள்ளைகள் வரை பாடுகிற குரல் காற்றில் துணி அசைகிற மாதிரி அங்குமிங்கும் அசைகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிதான் அத்தானுக்குக் குறை, எனக்குச் சுவை.

பிள்ளைகளின் குரலிலும் ஒரு உடற்கூறு விஷயம் இருக்கிறது. குரல் நாண் குட்டை, நுரையீரல் சின்னது. பெரியவர்களைப் போல நீட்டி, நீட்டிய இடத்தில் குரலைத் தானாக நடுங்கவிடுவது அவர்களுக்கு வராது. ஸ்வரம் கோடு போட்ட மாதிரி நேராக வரும், மூச்சு தீர்ந்த இடத்தில் வரி முறியும். அது சொல்லின் நடுவாக இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. கூட்டமாகப் பாடும்போது ஒருவர் மூச்சு வாங்குகிற இடத்தில் இன்னொருவர் பாடிக்கொண்டிருப்பார். அதோடு உடற்பயிற்சிக் கூடத்தின் எதிரொலி வேறு. ஸ்டூடியோவில் இதை வேண்டுமென்று செய்யப்போனால் செயற்கையாகத்தான் வரும்.

பெரிய இசையமைப்பாளர்களில் பென்ஜமின் பிரிட்டனுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. இங்கிலாந்தில் ஆர்ஃபோர்டு என்ற ஊரின் தேவாலயத்தில் 1958இல் அவர் அரங்கேற்றிய 'நோயீஸ் ஃப்லட்' என்ற நோவா கதை நாடகத்தில் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள்தான் பாதி வாத்தியக்காரர்கள். பிரளயத்தின் முதல் மழைத்துளி விழ வேண்டும். அதற்கு அவர் பிடித்தது பீங்கான் குவளைகளை. வரிசையாகக் கயிற்றில் தொங்கவிட்டு மரக் கரண்டியால் தட்டுவது. இந்த யோசனை அவருடைய உதவியாளர் இமோஜன் ஹோல்ஸ்ட் தன் சமையலறையில் தொங்கிய குவளைகளைத் தட்டிக் காட்டியதிலிருந்து வந்தது. அந்த நாடகம் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பது பொம்மை வேலை அல்ல. குவளை சரியான நேரத்தில் ஒலிக்காவிட்டால் மழை பெய்யாது. அவ்வளவு பொறுப்பு.

பெரியவர்கள் பாடிய குழந்தைக் குரல்

தமிழ் சினிமாவில் வளர்ந்த காதுக்கு, குழந்தைக் குரல் என்றால் நெடுங்காலம் எம்.எஸ்.ராஜேஸ்வரியின் குரல்தான். 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் சின்னக் கமல்ஹாசனுக்குப் பாடியது அவர். 1965இல் 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் குட்டி பத்மினிக்குப் பாடியதும் அவர்தான். பிற்பாடு எஸ்.ஜானகியும் அந்த வேலையை அபாரமாகச் செய்தார். காரணத்தை ஊகிக்கலாம். அன்றைக்கு மொத்த வாத்தியக் குழுவும் உட்கார்ந்து வாசிக்க, பாடுகிறவரும் கூடவே பாடி ஒரே டேக்கில் முடிக்க வேண்டும். பிள்ளை ஒரு வரியைக் கோட்டை விட்டால் அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேர்ந்த பாடகி ஒருவர் குரலை ஒடுக்கி, மெலிதாக்கி, கொஞ்சம் மழலை தடவிப் பாடிவிட்டால் வேலை சுலபம்.

ராஜேஸ்வரியின் குரலைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்தப் பாட்டுகள் இன்றைக்கும் தொண்டையை அடைக்கின்றன. ஆனால் அங்கே பாடுகிற குழந்தை, நாம் ஆசைப்படுகிற குழந்தை. எந்த இடத்தில் நமக்குக் கண்ணில் நீர் வரும் என்று தெரிந்து அந்த இடத்தில் குரலைத் தழுதழுக்கவிடுகிற குழந்தை. 1990இல் 'அஞ்சலி'யில் இளையராஜா தன் பிள்ளைகளையும் தம்பி பிள்ளைகளையும் மற்றவர்களையும் சேர்த்துக் கூட்டமாகப் பாடவைத்தபோது சட்டென்று வேறு ஒன்று கேட்டது. அதில் கொஞ்சல் இல்லை, கும்மாளம் இருந்தது.

லாங்லி பதிவிலும் கொஞ்சல் கிடையாது. பிள்ளைகளுக்குக் கொஞ்சலான பாட்டுகள் பிடிக்கவே பிடிக்காது, தனிமையும் சோகமும் உள்ள பாட்டுகளைத்தான் விரும்பினார்கள் என்று ஃபெங்கர் பின்னால் எழுதியிருக்கிறார். அந்தத் தட்டில் எல்லோரும் சொல்வது ஈகிள்ஸ் குழுவின் 'டெஸ்பராடோ'வை ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தனியாகப் பாடியதைத்தான். பியானோ மட்டும் துணை. வயதாகிக்கொண்டிருக்கிற, யாரோடும் ஒட்டாமல் திரிகிற ஒரு ஆளிடம், போதும் இறங்கி வா என்று சொல்கிற பாட்டு அது. ஒன்பது வயதில் அதில் என்ன புரிந்திருக்கும்? பாதி புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். புரியாத பாதியை அவள் நடித்து மறைக்கவில்லை. சோகமான சொல் வருகிறது என்பதற்காகக் குரலைக் குழைக்கவில்லை. அடுத்த ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று தேடி, அதில் காலை வைத்து, அதற்கடுத்ததைத் தேடுகிறாள். இருட்டில் மாடிப்படி இறங்குகிறவரிடம் இருக்கிற கவனம். சோகத்தை நமக்குப் பரிமாற யாரும் இல்லாததால், கேட்கிறவர் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டு பதிவுகள்

இதெல்லாம் யோசித்து ஒரு மாதிரி பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். பிள்ளைகள் நமக்காகப் பாடவில்லை, அதுதான் விஷயம். நாம் ஒட்டுக் கேட்கிறோம். லாங்லி தட்டு அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்காகச் செய்யப்பட்டது, நமக்காக அல்ல. அழகான பதில். அதைக் கலைத்தவள் அக்கா மகள்.

மே மாதம், பாளையங்கோட்டையில் அக்கா வீடு. சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்கச் சொல்லி அக்கா இரண்டு பிள்ளைகளையும் அனுப்பியிருந்தாள். பெரியவளுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. நான் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். மடித்துக்கொண்டே, அப்போது தெருவெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டை ஆரம்பித்தார்கள். போனை எடுத்து ஒலியை மட்டும் பதிவு செய்தேன். பல்லவி முடிந்ததும் பிள்ளைகள் எப்போதும் செய்வதைச் செய்தார்கள். இடையிசையையும் வாயாலேயே வாசித்தார்கள். தம்பி பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து டிரம்ஸ் போட்டுக்கொண்டே, மூக்கைப் பிடித்துக்கொண்டு நாதஸ்வரமும் ஊதப் பார்த்தான். "டேய், அது ஃப்ளூட். அது என்னோடது. நீ டிரம்ஸ் மட்டும் போடு" என்று அக்காக்காரி அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து உதட்டைக் குவித்து ஊதினாள். சரணத்தில் ஒரு உச்சஸ்தாயி வரி. அவளுக்கு எட்டவில்லை. அலட்டிக்கொள்ளாமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அந்த வரியை முடித்துவிட்டு, அடுத்த வரியில் பழைய இடத்துக்கு ஏறிக்கொண்டாள். நடுவே "இது யாரு பனியன்?" என்று ஒரு கேள்வி. பதில் வந்தது. பாட்டு நிற்கவில்லை.

கரண்ட் வந்ததும் அக்கா, "மாமாவுக்குப் பாடிக் காட்டுட்டி, குடும்ப குரூப்ல போடுவோம்" என்றாள். இந்த முறை வீடியோ. தலை வாரி, சுவரோரம் நின்று, தலையை லேசாகச் சாய்த்து, வலது உள்ளங்கையால் ஸ்வரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டு, நீட்டுகிற இடத்தில் கண்ணை மூடி, குரலைக் கொஞ்சம் உதறி. இடையிசை கிடையாது, டிவியில் வருகிற பிள்ளைகள் அதைப் பாடுவதில்லை. முடிந்ததும் ஒரு சிரிப்பு, ஒரு "தேங்க் யூ". தம்பியைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. குரூப்பில் சித்தப்பாக்களும் பெரியம்மாக்களும் இதயங்களாகக் கொட்டினார்கள். அத்தான் என்னைப் பார்த்து, "இது பாட்டு மாப்ள" என்றார்.

எனக்கு முதலாவதுதான் பிடித்திருந்தது. அதை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் கேட்டாள். முகம் சுளித்து, "அதை அழிச்சிருங்க மாமா. அது சும்மா பாடுனது" என்றாள்.

என் அழகான பதில் அங்கே ஆட்டம் கண்டது. எனக்குப் பிடித்தது அவள் அழிக்கச் சொன்னதை. அப்படியென்றால் நான் ரசிப்பது அவளது இசையையா, அவளுக்கு எட்டாமல் போனதையா? இன்னொன்றும் உறுத்தியது. லாங்லி பிள்ளைகள் சும்மா பாடவில்லை. ஒத்திகை பார்த்து, மைக் வைத்து, தங்களால் முடிந்தவரை சரியாகப் பாடினார்கள். பார்க்கப்போனால் அந்தத் தட்டு முழுக்கவே இரண்டாவது வகைப் பதிவுதான்.

ஊருக்குத் திரும்புகிற ரயிலில் இரண்டையும் ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். வீடியோவைத் திரை அணைத்துக் கேட்டபோதுதான் அது காதில் விழுந்தது. இரண்டாவது முறை அவள் பாட்டைத் தாழ்ந்த சுருதியில் தொடங்கியிருக்கிறாள். மாடியில் உச்சஸ்தாயி எட்டவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கரண்ட் வருவதற்குள், யாரும் சொல்லாமல், சரணத்தை மனதில் வைத்துக்கொண்டு பல்லவியின் இடத்தை மாற்றிவிட்டாள். அந்த வரி வந்தபோது குரல் கொஞ்சம் இறுகுகிறது, ஆனால் போய்த் தொடுகிறது. வளர்ந்த பாடகர்கள் செய்கிற கணக்கு அது. இதயம் அனுப்பிய யாரும் அதைக் கேட்டிருக்க வழியில்லை. சாய்ந்த தலையையும் விரிந்த கையையும்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முகம் தெரியாத பாட்டு

அதன் பிறகு என் எண்ணம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பிள்ளைகள் பாடி ஒலி மட்டும் பதிவானதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. லாங்லி தட்டைக் கேட்கும்போது விழுந்த பல் தெரிவதில்லை, கோணலாகப் போட்ட பொத்தான் தெரிவதில்லை. குழைவதற்கு வேண்டிய எதுவும் கண்ணில் படாததால் பாட்டைக் கேட்டே தீர வேண்டியிருக்கிறது. அப்போதுதான் எதிரே இருப்பது தன் வேலையில் இறங்கியிருக்கிற ஒருத்தி, ஒருத்தன் என்பது புரிகிறது. இந்த ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும், இந்தத் தாளத்தில் விழ வேண்டும், பக்கத்தில் இருப்பவனை விட்டு முந்திப் போகக் கூடாது என்று மும்முரமாக இருக்கிற ஆட்கள்.

குரல் மட்டும் போதும், முகம் வேண்டாம் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணமும் உண்டு. 1979இல் பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் புகழ்பெற்ற சுவர்ப் பாட்டில் ('அனதர் பிரிக் இன் த வால்') கோரஸ் பாடியது லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகள். பள்ளிக்கு மொத்தமாக 1,000 பவுண்டு கொடுத்தார்கள். ராயல்டி என்ற பேச்சே இல்லை. பிள்ளைகள் வீடியோவில் தோன்றத் தலைமையாசிரியர் அனுமதிக்காததால், நடிப்புப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து வாயசைக்க வைத்தார்கள். உலகமே கூடச் சேர்ந்து கத்திய அந்தக் குரல்களுக்குச் சொந்தக்காரர்கள் பெரியவர்களாகி, பல வருடம் கழித்துத்தான் தங்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்கத் தொடங்கினார்கள்.

இதைவிடச் சங்கடமானது ஷாக்ஸ் குழுவின் கதை. நியூ ஹாம்ப்ஷயரில் ஃப்ரீமான்ட் என்ற சிற்றூர். உன் மகள்கள் ஒரு புகழ்பெற்ற குழு அமைப்பார்கள் என்று ஆஸ்டின் விக்கின் என்பவருக்கு அவருடைய அம்மா ரேகை பார்த்துச் சொல்லியிருந்தாராம். அவர் மகள்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, கருவிகள் வாங்கிக்கொடுத்து, நாள் முழுக்க ஒத்திகை பார்க்கவைத்து, 1969இல் ஸ்டூடியோவுக்கே கூட்டிப்போய்ப் பதிவு செய்துவிட்டார். அவர்கள் குழந்தைகள் இல்லை, மூத்தவளுக்கு இருபது தாண்டியிருந்தது. ஆனால் தட்டைக் கேட்டால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கிடார் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். இன்றைக்கு அதற்கு உலகம் முழுக்க ரசிகர்கள். 1975இல் அப்பா இறந்ததும் மகள்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு தகவலுக்குப் பிறகு எனக்கு அந்தத் தட்டைச் சிரித்துக்கொண்டே கேட்க முடியவில்லை. அதிலும் மும்முரம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. ஆசை மட்டும் வேறொருவருடையது. லாங்லியில் பிள்ளைகளுக்குப் பாட்டு பிடித்திருந்தது என்பது ஒவ்வொரு வரியிலும் கேட்கிறது. இந்த வித்தியாசத்தை அளந்து காட்டு என்றால் என்னால் முடியாது. கேட்டால் தெரியும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இது ஒரு பலவீனமான வாதம்தான், தெரிகிறது.

இனி லாங்லி மாதிரி ஒன்று பழைய பொருள் கடையில் கிடைக்கப்போவதில்லை. அக்கா மகள் இப்போது அவளது அம்மாவின் பழைய போனில் தானே பதிவு செய்கிறாள். ஒரு பாட்டுக்கு நிறைய டேக் எடுக்கிறாள். போட்டுக் கேட்டு, உதட்டைச் சுழித்து, வரிசையாக அழித்துக்கொண்டே வருவாள். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். அழிந்தவற்றில் எனக்குப் பிடித்தது ஏதாவது இருந்திருக்கும், நிச்சயமாக. ஆனால் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான். மாடியில் எடுத்ததை அவள் சொன்ன மாதிரியே என் போனிலிருந்து அழித்துவிட்டேன். ஃப்ளூட் யாருடையது என்ற சண்டையும் அதோடு போய்விட்டது, அதுதான் கொஞ்சம் வருத்தம்.